‘கல்லறையில் அடக்கம்’: ஓர் எண்ணெய் வர்ண ஓவியமும் துக்கத்தின் சமூக அடிப்படையும்

1

சமயக் கலைகளைப் பற்றி எம்மிடையே இருவகை நோக்குகள் வழங்கி வருகின்றன. அவற்றைப் பக்தியின் விளைவாக மட்டும் கண்டு, தோன்றிய காலத்தையும் களத்தையும் மறந்துவிடுவது ஒன்று. அவை யாவும் ஆளும் வர்க்கத்தின் கருத்தியற் கருவிகளே எனக் கூறி ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவது மற்றொன்று. பின்னையது முற்போக்காளர் சிலரிடத்தே காணப்படுவது. இரு நோக்குகளும் ஒரு வகையில் ஒன்றே. இரண்டும் படைப்பினை உற்றுப் பார்ப்பதில்லை. சமயத்தை மனிதரின் உண்மையான துன்பத்தின் வெளிப்பாடாகவும், அதே வேளை அத்துன்பத்திற்கு எதிரான முறைப்பாடாகவும் மார்க்ஸ் 1844இல் விளக்கினார். அவ்விளக்கத்தின் முற்பகுதியையும் பிற்பகுதியையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். துன்பமும் முறைப்பாடும் ஒரே சட்டகத்துள் அமைந்த படைப்பொன்றை எடுத்து இதனை விளக்க முயல்கின்றோம்.

நாம் எடுத்துக்கொள்வது இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1602ஆம் ஆண்டிற்கும் 1604ஆம் ஆண்டிற்கும் இடையில் வரைந்த ‘கல்லறையில் அடக்கம்’ என்னும் எண்ணெய் வர்ண ஓவியமாகும். சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட கிறிஸ்துவின் உடலைச் சூழ்ந்து அவருடையோர் துக்கிக்கும் காட்சி அது. இன்று வத்திக்கான் ஓவியக்கூடத்தில் உள்ளது.

இக்கட்டுரை திருகோணமலை மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணியிலிருந்து எழுதப்படுவது. முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையினராக வாழும் இவ்வூரில் உருவப்படத்தை முன்னிறுத்தி வழிபடும் மரபு இல்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் உரோமாபுரியில் வரையப்பட்ட ஒரு கிறிஸ்தவ ஓவியத்தைப் பற்றி இங்கிருந்து எழுத வேண்டிய தேவை யாது என வாசகர் வினவுதல் இயல்பே. அவ்வோவியம் எழுப்பும் வினா அண்மைக் காலத்தில் இவ்வூரின் வினாவாகவும் இருந்தது. இறந்தவரின் உடல் யாருக்கு உரியது, அதனை ஏந்தவும் அடக்கவும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அவ்வினா.

2

இக்காட்சியின் மூலத்தை முதலிற் காணல் வேண்டும். நான்கு நற்செய்தி நூல்களும் ஒரு செய்தியை ஒருமித்துக் கூறுகின்றன: அரிமத்தேயா ஊர் யோசேப்பு ஆளுநன் பிலாத்துவிடம் சென்று யேசுவின் உடலைத் தருமாறு கேட்டான் என்பதே அது. இக்கேள்வி சாதாரணமானதன்று. சிலுவை மரணம் உரோமப் பேரரசு அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் விதித்த தண்டனை. அத்தண்டனை உயிரோடு முடிவதில்லை. உடல் சிலுவையிலேயே விடப்படுவதும் நல்லடக்கம் மறுக்கப்படுவதும் பெரும்பாலும் அதன் பகுதிகளாகவே இருந்தன. எனவே உடலைக் கேட்டுப் பெறுதல் அரசின் கையிலிருந்து ஒரு மனிதனை மீட்டெடுக்கும் செயலாகும். கிறிஸ்துவின் அடக்கம் ஓர் அரச அலுவலகத்தில், ஒரு விண்ணப்பத்தோடு தொடங்குகின்றது.

ஆனால், அன்னையும் பிற மகளிரும் உடலைச் சூழ்ந்து புலம்பும் காட்சி நற்செய்தி நூல்களில் இவ்வடிவில் இல்லை. அதனை உருவாக்கியது பிற்கால மக்களின் உணர்வாகும். கிழக்குக் கிறிஸ்தவ உலகின் சுவரோவியங்களில் அது முதலில் உருப்பெற்றது. இன்றைய வட மக்கெதோனியாவின் நெரேசி என்னும் இடத்து ஆலயத்தில், 1164ஆம் ஆண்டைச் சேர்ந்த சுவரோவியத்தில், அன்னை மகனின் முகத்தோடு முகம் வைத்து அழுகின்றாள். ஏறத்தாழ 1305இல் இத்தாலியின் பாதுவா நகரில் ஜொத்தோ இக்காட்சியைத் தீட்டினார். வணிக நகரங்கள் எழுச்சி பெற்ற காலம் அது. வறுமையை நெறியாகக் கொண்ட பிரான்சிஸ்கன் துறவிகள் நகரத்து எளிய மக்களிடையே மனிதனாகிய கிறிஸ்துவைப் போதித்த காலமும் அதுவே. அரியணையில் வீற்றிருக்கும் வேந்தனாகிய கிறிஸ்துவிலும் பார்க்க, தாயின் மடியிற் கிடக்கும் மகனாகிய கிறிஸ்து அம்மக்களுக்கு நெருக்கமானவராக இருந்தார். நூலில் இல்லாத காட்சியைத் தம் வாழ்விலிருந்து எடுத்து மக்கள் நூலுக்கு வழங்கினர் எனலாம்.

3

கரவாஜியோ 1571இல் மிலான் நகரிற் பிறந்தவர். அவருடைய தந்தையும் பாட்டனும் 1577இல் கொள்ளைநோய்க்குப் பலியாயினர். இளமையில் உரோமாபுரிக்கு வந்த அவர், தெருவிற் கண்ட மனிதரையே மாதிரிகளாக நிறுத்திப் புனிதரை வரைந்தார். இதனால் எழுந்த முரண்பாடுகள் பல. அன்னை மரியாளின் மரணத்தைச் சித்திரிக்கும் அவரது ஓவியத்தை, அதனைப் பெறவேண்டிய கார்மேல் சபைத் துறவிகள் ஏற்க மறுத்தனர். வீங்கிய உடலும் மூடப்படாத கால்களுமாகக் கிடந்த அப்பெண்ணில் அவர்களால் அன்னையைக் காண இயலவில்லை.

‘கல்லறையில் அடக்கம்’ அவ்வாறு மறுக்கப்படவில்லை. உரோமாபுரியின் வல்லிச்செல்லா மரியன்னை ஆலயத்திலிருந்த வித்திரிச்சே குடும்பத்தின் சிற்றாலயத்திற்காக அது வரையப்பட்டது. ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரமும் இரண்டு மீற்றர் அகலமும் உடையது. ஓவியருடன் வழக்காடும் அளவுக்குப் பகைமை கொண்டிருந்த பக்லியோனேயும், இதுவே அவரது ஆக்கங்களுட் சிறந்ததெனக் கூறப்படுவதாகப் பதிவு செய்துள்ளார்.

ஓவியத்தை நோக்குவோம். பின்புலம் இருளாகும். வானமோ வானதூதரோ ஒளிவட்டங்களின் பிரகாசமோ இல்லை. முன்புறத்தே ஒரு கற்பலகை. அதன் கூர்முனை பார்ப்பவரை நோக்கி நீண்டு நிற்கின்றது. அதன்மேல் ஆறு பேர் நெருங்கித் திரண்டுள்ளனர். நிக்கதேமு குனிந்து கிறிஸ்துவின் முழங்கால்களைத் தன் இரு கைகளாலும் கட்டிப் பிடித்துள்ளான். அவனுடைய கால்கள் வெறுங்கால்கள். நரம்பு புடைத்த, தசை இறுகிய, உழைப்பாளியின் கால்கள். மறுபுறத்தே யோவான் உடலின் மேற்பகுதியைத் தாங்குகின்றான். தாங்கும் அவசரத்தில் அவனது விரல்கள் விலாக்காயத்தின்மீதே படுகின்றன. கிறிஸ்துவின் வலக்கை தொங்கிக் கல்லைத் தொடுகின்றது. உடல் கனக்கின்றது. இவ்வோவியத்தை நோக்குவோர் முதலில் உணர்வது இக்கனத்தையே.

பின்னே மூன்று மகளிர். அன்னை மரியாள் முதுமை எய்தியவளாகக் காட்டப்பட்டுள்ளாள். முப்பத்துமூன்று வயது மகனைப் பெற்றவளுக்குரிய வயது அவளுக்கு உண்டு. மைக்கலாஞ்சலோ 1499இல் முடித்த புகழ்பெற்ற சிலையில் அவள் மகனிலும் இளையவள்போல் இருப்பதை ஈண்டு ஒப்புநோக்கலாம். மகதலா மரியாள் தலை குனிந்து துணியாற் கண்ணீரைத் துடைக்கின்றாள். குளோப்பாவின் மரியாள் இரு கைகளையும் உயர்த்தி ஓலமிடுகின்றாள். மௌனம், விம்மல், ஓலம் எனத் துக்கத்தின் மூன்று நிலைகள் மூவரிடத்தும் பகிரப்பட்டுள்ளன. ஆடவரின் உழைப்பு உடலைத் தாங்குவது. மகளிரின் உழைப்பு அழுவது. சுமையை இருசாராரும் பங்கிட்டுக் கொள்கின்றனர்.

இவ்விளைவுக்கு எண்ணெய் வர்ணம் என்னும் உற்பத்திச் சாதனமும் காரணமாகும். ஈரச் சுண்ணச் சாந்தின்மீது தீட்டும் சுவரோவியத்தில், சாந்து காய்வதற்குள் வேலை முடிய வேண்டும். ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வர்ணமோ மெதுவாகக் காய்வது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படலமிட இடந்தருவது. கரவாஜியோ கருமையான அடித்தளத்திலிருந்து தொடங்கி ஒளிபடும் இடங்களை மேலெழச் செய்தார். தோலின் வெளிறலையும் நரம்பின் புடைப்பையும் துணியின் ஈரத்தையும் வேறுபடுத்திக் காட்டுதல் இதனாற் சாத்தியமாயிற்று. அழகுக்காக மட்டும் அமைந்ததன்று இவ்வுத்தி. உடலின் பருப்பொருண்மையை மறுக்கவியலாததாக்கும் உத்தியும் ஆகும்.

இத்தகைய ஓவியத்தை அன்றைய திருச்சபை ஏன் ஏற்றது? சீர்திருத்த இயக்கம் ஐரோப்பாவின் வடபகுதியைப் பிரித்தெடுத்த பின்னர், கத்தோலிக்கத் திருச்சபை தன் மக்களைத் தக்கவைக்க வேண்டியிருந்தது. திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல், எளிய மக்களுக்குப் போதிக்கும் சாதனமாகத் திருவுருவங்களை வலியுறுத்தியது. வல்லிச்செல்லா ஆலயமோ, பிலிப்பு நேரி நிறுவி 1575இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற ஒரற்றோரியன் சபைக்குரியது. எளிமையான மொழி, பொதுமக்கள் பங்குகொள்ளும் செபக்கூட்டம், பாடல், நோயாளரையும் யாத்திரிகரையும் பேணுதல் என்பன அச்சபையின் வழிமுறைகள். மக்களைக் கவர வேண்டிய நிறுவனம், மக்களின் உருவத்தைத் தன் பீடத்தின்மேல் ஏற்ற வேண்டியதாயிற்று. பணம் செல்வக் குடும்பத்தினது; கால்கள் கூலியாளனுடையவை. இம்முரண்பாட்டை ஓவியம் தீர்த்துவைக்கவில்லை. அதனை எம் கண்முன் நிறுத்துகின்றது.

4

ஒரற்றோரியன் சபை எமது வரலாற்றோடும் தொடர்புடையது. அத்தொடர்பு இதுவரை கலை வரலாற்று நோக்கிற் போதிய கவனம் பெறவில்லை என்பது எமது கருத்து.

இறந்த கிறிஸ்துவின் உருவம் இத்தீவிற்குப் பீரங்கிகளோடு வந்தது என்பதை மறத்தல் ஆகாது. திருகோணமலையில் 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் சமயம் அது. ஆனால் 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபோது நிலைமை தலைகீழாயிற்று. கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது, ஆலயங்கள் பறிக்கப்பட்டன, குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. வெற்றியாளரின் சமயமாக வந்தது ஒடுக்கப்பட்டோரின் சமயமாக மாறியது.

அச்சூழலில் 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் எளியவரைப்போல் வேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவர் கோவையைச் சேர்ந்தவர். அதாவது போர்த்துக்கேயக் குடியேற்ற நாடாகிய கோவாவிற் பிறந்த கொங்கணியர். கோவாவில் உள்ளூர்க் குருமார் 1685இல் அமைத்துக்கொண்ட ஒரற்றோரியன் சபையே அவரை வழிநடத்தியது. கரவாஜியோவின் ஓவியம் தொங்கிய ஆலயத்தின் சபையைப் பின்பற்றி அமைந்தது அது. அவரைத் தொடர்ந்து 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். 1742இல் இறக்கும்வரை இத்தீவிலேயே பணியாற்றிய அவர், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல யாத்தார். கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் பொருளாகக் கொண்ட ‘வியாகுலப் பிரசங்கம்’ அவற்றுள் ஒன்று. தவக்காலத்தில் அது இராகத்துடன் வாசிக்கப்பட்டு வருகின்றது.

கரவாஜியோவின் ஓவியத்தைக் கொன்சால்வெஸ் அறிந்திருந்தார் என நாம் கூறவில்லை. ஒரே சபையின் மக்கள்சார் வழிமுறை, இரு வேறு சமூக நிலைமைகளில் இரு வேறு கலை வடிவங்களைப் பெற்றது என்பதே எமது வாதம். உரோமாபுரியில் ஆலயம் இருந்தது, பீடம் இருந்தது, கொடையாளிக் குடும்பம் இருந்தது. ஆகவே மூன்று மீற்றர் ஓவியம் எழுந்தது. ஒல்லாந்தரின் கண்காணிப்பில் வாழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கருக்குச் சுவரும் இல்லை, சித்திரமும் இல்லை. மறைத்துவைக்க எளிதான ஏடும், அதனை வாசிக்கும் குரலும் இருந்தன. அங்கு கண்ணாற் கண்ட காட்சி இங்கு காதாற் கேட்கும் புலம்பலாயிற்று.

அக்குரலுக்கு வேண்டிய மரபு தமிழில் ஏற்கெனவே இருந்தது. கையறுநிலை என்னும் துறையைச் சங்கச் சான்றோர் வளர்த்தனர். ஒப்பாரியைப் பெயரறியாப் பெண்கள் வளர்த்தனர். இத்தாலியிலிருந்து தமிழகம் வந்த வீரமாமுனிவரும், மகனை இழந்த மரியாளின் துயரைப் பொருளாக்கி ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ பாடினார். பெரிய வெள்ளியன்று யாழ்ப்பாண, மன்னார்ப் பகுதிகளில் கிறிஸ்துவின் திருவுருவம் சிலுவையிலிருந்து இறக்கப்பட்டு ஆசந்தியில் வைக்கப்படுகின்றது. ஊரவர் தம் வீட்டுச் சாவுக்குச் செல்வதுபோல் அதன் பின்னே செல்கின்றனர். மன்னார்ப் பேசாலையின் உடக்குப் பாஸ் நிகழ்ச்சியில் திருவுருவங்களே பாத்திரங்களாகின்றன. தடைக்காலம் நீங்கிய பின்னர் குரல் மீண்டும் உருவத்தோடு இணைந்ததை இவற்றிற் காண்கின்றோம்.

எனினும் இம்மரபினை இலட்சியமாக்கிவிடுதல் கூடாது. எமது சமூகத்தில் துக்கமும் சாதியாற் பங்கிடப்பட்டிருந்தது. பிறர் வீட்டுச் சாவுக்குப் பறை அறைவது சில சாதியாரின் கட்டாயக் கடமையாக விதிக்கப்பட்டது. பறையறைந்தவரின் இறப்புக்கு அவ்வீட்டார் வந்து அழவில்லை. யாருடைய சாவு ஊருக்குப் பொதுவான துக்கம், யாருடைய சாவு வெறும் செய்தி என்பதை உற்பத்தி உறவுகளும் சாதி அமைப்புமே தீர்மானித்தன. கரவாஜியோவின் நிக்கதேமுவின் வெறுங்கால்கள் எமக்கு நினைவூட்டுவதும் இதனையே: சுமப்பவர் எப்போதும் உண்டு, ஓவியத்தின் முன்வரிசையில் அவர்கள் இடம்பெறுவது அரிது.

5

துக்கம் அழுகையோடு முடிந்துவிடும் ஒன்றா என்பது அடுத்த வினா. தமிழ் மரபிற் கண்ணகி இதற்கு விடையாக நிற்கின்றாள். வெட்டுண்டு கிடந்த கோவலனின் உடலைத் தழுவி அழுதவள், அங்கிருந்து நேரே அரசனின் வாயிலுக்குச் செல்கின்றாள். அவளது புலம்பல் வழக்காகின்றது. கிழக்கிலங்கையின் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது பாடப்படும் காவியத்திற்கு மக்கள் ‘வழக்குரை’ என்றே பெயரிட்டு வழங்குவது கருதத்தக்கது. யோசேப்பு பிலாத்துவிடம் விண்ணப்பம் செய்தான். கண்ணகி பாண்டியனிடம் வழக்குரைத்தாள். துக்கம் அரசின் முன் வந்து நிற்கும் இடம் இரண்டிலும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வடிவத்தைத் தொழிலாளர் இயக்கமும் ஏற்றுக்கொண்டது. 1919 ஜனவரியில் பேர்லின் நகரிற் கொல்லப்பட்ட புரட்சியாளர் கார்ல் லீப்னெக்ற்றின் உடலைப் பிணவறையில் வரையுமாறு அவருடைய குடும்பத்தினர் கேத்தே கொல்விற்ஸ் அம்மையாரை வேண்டினர். அவ்வரைவுகளிலிருந்து அவர் ஒரு மரச்செதுக்கு ஓவியத்தை உருவாக்கினார். கிறிஸ்துவைச் சூழ்ந்த துக்கிகள் நின்ற இடத்தில் தொழிலாளர் குனிந்து நிற்கின்றனர். ஒருவனது பெருத்த கை வெள்ளைத் துணியின்மேற் படிந்துள்ளது. சமயக் கலையின் வடிவம் சமயத்துக்கு அப்பாற்பட்ட உள்ளடக்கத்தைத் தாங்கவல்லது என்பதற்கு இது தக்க சான்றாகும். 1914இல் போரில் தம் இளைய மகனை இழந்த தாய் அவர் என்பதையும் நினைவிற் கொள்ளல் தகும்.

6

இப்போது குறிஞ்சாக்கேணிக்குத் திரும்புவோம். இங்கு ஆசந்தி இல்லை, சந்தூக்கு உண்டு. ஓவியம் இல்லை, கபன் துணி உண்டு. உரத்த ஒப்பாரியை இஸ்லாமிய நெறி ஏற்பதில்லை. ஆயின் உடலைக் கழுவுதல், கபனிடுதல், தொழுதல், தோள்மாற்றிச் சுமத்தல், மண்ணிடுதல் என்பன ஊரார் அனைவர்மேலும் விழும் கடமைகள். அச்சமூகக் கடமையிலேயே துக்கம் உருவம் பெறுகின்றது. கரவாஜியோவின் ஓவியத்தைப் பார்த்திராத இவ்வூர் முதியவரும் அதிலுள்ள செயலை உடனே அறிந்துகொள்வார். கனக்கும் உடலைப் பலர் சேர்ந்து மெதுவாகக் குழியில் இறக்குவதை அவர் பலமுறை செய்திருக்கின்றார்.

இச்செயலே 2020இல் இந்நாட்டிற் குற்றமாயிற்று. கொவிட் நோயால் இறந்தோரின் உடல்களை எரித்தல் கட்டாயமென அவ்வாண்டு ஏப்பிரலில் வர்த்தமானி மூலம் அரசு விதித்தது. அடக்கம் செய்தலும் எரித்தலும் ஆகிய இரண்டும் ஏற்கத்தக்கவை என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், விதி மாறவில்லை. டிசம்பர் மாதத்தில் பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் குழந்தையொன்றின் உடலும் கொழும்பில் எரிக்கப்பட்டது. மக்கள் சுடலையின் வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். அத்துணிகள் கபனின் குறியீடு. முழக்கமின்றி, உருவமின்றி நிகழ்ந்த அச்செயலைத் துக்கத்தின் கலையாகவும் வழக்குரையாகவும் நாம் கொள்கின்றோம். வேறு சமயத்தாரும் அதில் இணைந்தனர். 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாற்றப்பட்டு, மார்ச் மாதம் முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட உடல்கள் மீளவில்லை.

அதே 2021இல், நவம்பர் 23ஆம் நாட் காலை, குறிஞ்சாக்கேணியில் மற்றொரு துயரம் நிகழ்ந்தது. புதிய பாலம் அமைக்கப்படும் காலத்தில் மக்கள் களப்பைக் கடந்தது மிதப்புப் பாதை என வழங்கும் இழுவைப்படகிலேயே. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளையும் ஏற்றிச் சென்ற அப்படகு கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தனர். அவர்களுட் சிறுவரே பலர். நீரிலிருந்து பிள்ளைகளை ஏந்தி வந்த கரங்கள் மீனவருடையவை, கூலித் தொழிலாளருடையவை, அயலவருடையவை. அவர்களின் கால்களும் வெறுங்கால்களே. இதனை விதி என்று கூறுவோர் உளர். ஆற்றையும் களப்பையும் கடக்கப் பாதுகாப்பான வழி எவ்வூர்களுக்கு முதலிற் கிடைக்கின்றது, எவை காத்திருக்கின்றன என்பது விதியின்பாற் பட்டதன்று. பொருளாதாரத்தின்பாலும் அரசியலின்பாலும் பட்டது.

வித்திரிச்சே குடும்பச் சிற்றாலயத்தில் ஓவியம் பீடத்திற்கு நேர்மேலே தொங்கியது. குரு அப்பத்தை உயர்த்தும்போது, ஓவியத்தில் உடல் கீழே இறங்கும் திசைக்கு எதிரே அவரது கைகள் எழுந்தன. 1797இல் பிரெஞ்சுப் படை அதனைப் பாரிசுக்குக் கொண்டு சென்றது. நெப்போலியன் வீழ்ந்த பின்னர் மீண்ட ஓவியம் வத்திக்கானிலேயே தங்கியது. ஆலயத்தில் இன்றுள்ளது பிரதியே. பீடத்திலிருந்து பிரிந்த பின்னரும் அதன் பொருள் தேய்ந்துவிடவில்லை. அவ்வோவியத்தில் நிக்கதேமு தன் முகத்தைக் கிறிஸ்துவின் பக்கம் திருப்பவில்லை. சுமையோடு குனிந்தவாறு பார்ப்பவரை நோக்குகின்றான். கற்பலகையின் முனையும் பார்ப்பவரையே நோக்கி நிற்கின்றது. குழியின் இப்பக்கத்தே நிற்பவர் நாம். உடலைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பும், அவ்வுடல் ஏன் உயிரிழந்தது எனக் கேட்கும் பொறுப்பும் எம்முடையவை. சமயக் கலையை முற்போக்காளர் கற்கவேண்டிய காரணத்தை இதனினும் தெளிவாகக் கூறுதல் எமக்கு இயலாது.